ஆசானின் ஏடும் அயல்நாட்டுக் கிண்டிலும்

களியக்காவிளையைக் கடந்து வடக்கே நடப்பவருக்கு எல்லை காலில் தட்டுப்படுவதில்லை, கண்ணில்தான் தட்டுப்படுகிறது. கடைப் பலகையின் எழுத்து மாறிவிடுகிறது; கடைக்காரரின் பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என நீளும் இந்தச் சாலையோர ஊர்களில் இரண்டு வாசிப்புக் கருவிகளை ஒரே கூரையின்கீழ் காண முடியும். ஒன்று, வர்ம ஆசான்மாரின் பழைய வீடுகளில் தட்டும்புறத்தில் (பரணில்) துணி சுற்றிக் கிடக்கும் ஏட்டுக்கட்டு. மற்றது, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரனின் கைப்பையில் இருக்கும் கிண்டில்.

இரண்டும் மெலிந்தவை, இரண்டும் ஒரு நிறத்தவை, இரண்டும் கைக்கு அடங்குபவை. இந்த ஒற்றுமைகள் முதற்பார்வையிலேயே தீர்ந்துபோகின்றன. நாம் எடைபோட வேண்டியது வேறொன்று. ஊர்விட்டுப் போகும் மனிதரோடு நூலும் போகும்போது, நூலோடு கூடவே வேறு எதெல்லாம் போக வேண்டியிருக்கிறது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஏட்டையும் கிண்டிலையும் மாறி மாறிப் புரட்டினால், எதிர்பாராத உறவுகள் தென்படுகின்றன.

முதலில் சுமை. சார்ஜாவுக்குப் புறப்படுபவரின் பெட்டியில் ஏத்தங்காய் உப்பேரிக்கும் மரச்சீனி வற்றலுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் இடம் ஒதுக்கியபின் மிஞ்சும் கிலோக் கணக்கில் புத்தகம் தோற்றுவிடும். ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள சாதாரணக் கிண்டில் அந்தத் தோல்வியை மாற்றிவிட்டது. நூல் நூறானாலும் ஆயிரமானாலும் எடை அதேதான். ஆசானின் வழி இதைவிடவும் எளியது. எலும்பு முறிவுக்கோ வர்ம இளக்கலுக்கோ அயலூரிலிருந்து ஆள் வந்து அழைத்தால் அவர் ஏட்டை எடுத்துப் போக வேண்டியதில்லை. செய்யுளாக இருந்த நூல் மனப்பாடமாக அவரோடு போயிற்று, ஏடு வீட்டில் இருந்தது. ஒருவரோடு ஆயிரம் நூல்கள் போகின்றன, வாசித்தவை சில. மற்றவரோடு ஒரே நூல் போகிறது, வாசிக்க மிச்சம் ஏதுமில்லை.

அடுத்து மை. ஏட்டில் எழுதுபவர் மையால் எழுதுவதில்லை. எழுத்தாணி (இவ்வட்டாரத்தில் நாராயம்) ஓலையின் தோலைக் கீறிச் செல்கிறது. கீறியதும் எழுத்து இருக்கிறது, ஆனால் சரியாகத் தெரிவதில்லை. பின்னர்தான் கரியும் எண்ணெயும் கலந்த மையையோ பச்சிலைச் சாற்றையோ பூசித் துடைக்கிறார்கள். பரப்பில் பூசியது துடைபட்டுப் போக, கீறலில் தங்கியது எழுத்தாகிறது. கிண்டிலின் திரையிலோ மை முதலிலேயே இருக்கிறது. மயிரிழைப் பருமனுள்ள கோடிக்கணக்கான நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலெழ, மற்றது அடியில் போகிறது. ஏட்டில் எழுத்து முன்னே, மை பின்னே. கிண்டிலில் மை முன்னே, எழுத்து பின்னே.

வரிசை தலைகீழாக இருந்தும் விளைவு ஒன்றாகவே இருப்பது வியப்பு. கீறிய ஏடு தன் எழுத்தைத் தாங்கி நிற்க யாரும் எதுவும் செலவிட வேண்டியதில்லை. மின்மைத் திரையும் அப்படித்தான்: பக்கம் மாறும் கணத்தில் மட்டுமே மின்சாரம் உண்கிறது, நிற்கும் பக்கத்துக்கு எதுவும் கேட்பதில்லை. திரைக்குள் ஒளி பிறப்பதில்லை என்பதும் இரண்டுக்கும் பொது. வெயிலில் கைப்பேசித் திரை மங்கும் இடத்தில் ஏடும் கிண்டிலும் துலங்குகின்றன. எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து 1997இல் பிறந்த இ-இங்க் நிறுவனமும், 2004இல் ஜப்பானில் வெளிவந்த சோனி லிப்ரியேயும், 2007இல் வந்த முதல் கிண்டிலும் தாளைப் போலத்தான் இருக்க முயன்றன. அந்த முயற்சியில் அவை தாளுக்கு முந்தையதோடும் உறவு கொண்டுவிட்டன.

ஒளியைச் சொன்னபின் வாசிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். தென்திருவிதாங்கூரில் ஏடு என்பது பெரும்பாலும் காதுக்கான பொருள். அய்யாவழி மக்களிடம் இன்றும் நடக்கும் ஏடு வாசிப்பு அதற்குச் சான்று: சாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் அகிலத்திரட்டு அம்மானை 17 நாட்கள் வாசிக்கப்படுகிறது. 1841இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் அந்நூல் அச்சேறியது 1939இல். கிட்டத்தட்ட நூறாண்டு அது ஏட்டிலும் நாவிலுமே வாழ்ந்தது. வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் ஊர் முழுவதும்.

கிண்டிலின் இடம் அதற்கு நேர் எதிர். வளைகுடாவில் அடுக்குக் கட்டில்கள் நிறைந்த பொது அறையில், அதிகாலைப் பணிக்குப் போகிறவர் உறங்க, இரவுப் பணி முடித்தவர் விழித்திருப்பார். விளக்கைப் போட்டால் சண்டை வரும். 2012இல் முன்னொளி பொருத்தி வந்த கிண்டில் பேப்பர்வைட் போன்ற கருவிகள் அந்த அறைக்கு ஏற்றவை: கீழ்க்கட்டில்காரருக்குத் தெரியாமல் மேல்கட்டிலில் ஒரு நாவல் ஓடலாம். ஊரில் ஏடு தனியாளைக் கூட்டத்தோடு சேர்த்தது; வெளிநாட்டில் கிண்டில் கூட்டத்தின் நடுவே தனிமையைச் சேர்த்துத் தருகிறது. இரண்டும் அந்தந்த இடத்தில் அரிதாக இருந்ததைத்தான் தந்தன.

பக்க எண்ணிலும் ஒரு குறும்பான ஒற்றுமை உண்டு. கிண்டிலில் எழுத்தின் அளவைப் பெருக்கினால் பக்கம் கரைந்துபோகும். எனவே பல நூல்களில் அது பக்கத்துக்குப் பதில் இட எண்ணையும் விழுக்காட்டையும் காட்டுகிறது. அச்சு நூல் வைத்திருப்பவரிடம் இட எண்ணைச் சொல்லிப் பயனில்லை. கேரள ஏடுகளிலோ ஓலை எண்கள் எழுத்துகளாகவே இருக்கும். நன்னாதி என்னும் அந்த முறையில் ‘ந’ ஒன்று, ‘ன்ன’ இரண்டு, ‘ன்ய’ மூன்று, ‘ம’ பத்து. முறை அறியாதவருக்கு அது எண் என்றே தெரியாது. இரு கருவிகளும் தமக்கென ஒரு கணக்கை வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து வருபவர் அதைக் கற்றுக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும்.

இதைவிட இனிய ஒற்றுமை கொம்பில் இருக்கிறது. ஏட்டில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகர ஏகாரக் கொம்புகளுக்கும் வேறுபாடு காட்டவில்லை. ஆகவே ஒரே எழுத்துக்கோவை ‘செரி’யாகவும் ‘சேரி’யாகவும் நிற்கும், எது என்று தீர்மானிப்பது வாசகரின் பயிற்சி. பல நூற்றாண்டுக்குப் பின் தொடக்கக் கால மின்வாசிப்பான்களிலும் கொம்புதான் இடறியது. மெய்யின் இடப்பக்கம் நிற்க வேண்டிய அது வலப்பக்கம் போய் நிற்கும், அல்லது வட்டக்குறியோடு தனியே தொங்கும். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் மற்ற வடிவங்களோடு ஆறங்குலத் திரைக்கென்றே பி.டி.எஃப். கோப்புகளையும் ஆக்கித் தந்தார்கள். எழுத்தைக் கருவியே கோக்க விட்டால் சிதறும் என்பதால், கோத்த பக்கத்தையே படமெனத் தந்துவிடும் உத்தி அது. ஏட்டு வாசகர் சிதைவைப் பயிற்சியால் சரிசெய்தார். கிண்டில் வாசகர் அதைக் கோப்பால் சரிசெய்தார்.

எழுத்து மொழியைவிட்டு விலகி நிற்கும் வித்தை இந்த எல்லை மண்ணுக்குப் புதிதன்று. வடமொழிப் பண்டிதர் கணபதி சாஸ்திரி, பாசன் என்னும் பழைய நாடகாசிரியரின் நாடகங்களைக் கண்டெடுத்தது பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில். மொழி வடமொழி, எழுத்து மலையாளம், ஓலை இந்த நாட்டுப் பனையினம். 1912 முதல் அவை திருவனந்தபுரத்தில் அச்சாயின. வடக்கே பாலக்காட்டுப் பக்கத் தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் கம்பனின் தமிழை மலையாள எழுத்தில் வைத்துப் பாடினார்கள். நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டாரங்களில் வழங்கும் வர்ம நூல்களோ, ஆசான் வீட்டில் எந்த மொழி பேசினாலும், தமிழ்ச் செய்யுள்களே. ஒருங்குறி நாளில் இதையே கிண்டில் வேறு வகையில் செய்கிறது: நூல் என்பது எண்களின் வரிசை, எழுத்துரு அதன்மேல் போர்த்திய ஆடை. 2016 டிசம்பரில் ஐந்து இந்திய மொழிகளின் மின்னூல்களைக் கிண்டில் கடை அறிமுகப்படுத்தியபோது அந்த ஐந்தில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே இருந்தன. பாறசாலைக்காரர் ஒருவருக்கு அது ஒரே அலமாரியில் இரு தட்டுகள் திறந்ததற்கு ஒப்பு.

இதுவரை ஒற்றுமை நம்மை மகிழ்வித்தது. இனி வருவது பூட்டு. ஏடு திறந்த பொருள், கிண்டில் பூட்டிய பொருள் என்று எளிதாகத் தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். வர்ம ஏடு அந்தத் தீர்ப்பை ஏற்காது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். எந்த இடம், எவ்வளவு அழுத்தம், எந்த அடங்கல் புள்ளியால் இளக்குவது என்பவை பரிபாஷை என்னும் குறிமொழிக்குள் மறைந்திருக்கின்றன. ஓலை கையில் கிடைத்தாலும் பொருள் கிடைக்காது. ஆசான் பல்லாண்டு சீடனைப் பார்த்து, அவன் கைக்கும் நெஞ்சுக்கும் பொறுமை உண்டெனத் தெளிந்தபின்தான் வாய் திறப்பார். கொல்லவும் ஆற்றவும் வல்ல அறிவுக்குப் பூட்டுத் தேவை என்பது அவர் வாதம். அதை எளிதில் தள்ள முடியாது.

கிண்டிலின் பூட்டுக்கும் வாதம் உண்டு: எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் உரிய கூலி கசிந்துவிடக் கூடாது. அதையும் எளிதில் தள்ள முடியாது. வேறுபாடு பூட்டு உண்டா இல்லையா என்பதில் இல்லை. சாவி எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஏட்டின் சாவி ஒரு மனிதரின் நாவில் இருந்தது. அவரிடம் கெஞ்சலாம், ஏவல் செய்யலாம், வாதாடலாம், அவர் மனம் இளகலாம். கிண்டிலின் சாவி ஒரு கணக்கில் இருக்கிறது. கணக்குக்கு நினைவு உண்டு, மனம் இல்லை. ஆனால் மனிதச் சாவிக்கு ஆயுள் குறைவு. ஆசான் தகுந்த சீடனைக் காணாமல் கண்மூடினால் ஓலை இருந்தும் நூல் இறந்துவிடும். கணக்குச் சாவி முதுமை அடைவதில்லை. நிறுவனம் நினைக்கும்வரை இளமையாகவே இருக்கும்.

நூலைப் பறிப்பதிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. நெய்யாற்றின்கரைக்காரரான ‘சுதேசாபிமானி’ இதழாசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை 1910 செப்டம்பர் 26இல் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியது, அச்சுக்கூடத்தையும் கைப்பற்றியது. ஆனால் ஒருவர் வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய இதழைத் தேடிப்போவது எந்த அரசுக்கும் எளிய வேலையன்று. அமேசான் 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு மின்பதிப்பை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று அறிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திரும்பியது, நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் வீட்டுக்குள் இருக்கும் நூலை வெளியிலிருந்து எடுக்க முடியும் என்பது அன்று தெரிந்தது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியும் 2025 பிப்ரவரி 26உடன் நின்றுபோனது. ஏட்டின் அழிவும் நினைவுக்கு வர வேண்டும், நீதி அதுதான்: கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தீயில் இட்டுவிட்டதை உ.வே. சாமிநாதையர் நெஞ்சு கனக்கப் பதிவு செய்திருக்கிறார். அங்கே பறித்தது பகையன்று, பக்தி. பறிப்பவர் தொலைவில் இருக்கலாம், வீட்டுக்குள்ளேயும் இருக்கலாம்.

இப்போது எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகம் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே நின்றது. பாறசாலை ஆசானின் ஏடு ஓரங்குலமும் நகரவில்லை, ஆனால் அன்று காலை அது அடுத்த மாநிலத்து மொழியின் நூலாகிவிட்டது. பயணம் போகாமலேயே அயலூர் சேர்ந்த ஏடு அது. ஏட்டின்மேல் எல்லை நடந்துபோயிற்று. ஏடு அதை அறியவில்லை, வாசகர்தான் அறிந்தார்.

கிண்டிலோ நேர்மாறு. எல்லைகளை ஒழித்த கருவி என்றுதான் அது புகழப்படுகிறது. விமான நிலையத்தில் நின்றபடி நூல் வாங்கலாம் என்பது உண்மையும்கூட. ஆனால் பதிப்புரிமை நாட்டுக்கு நாடு பிரித்து விற்கப்படும் பொருள். கணக்கு எந்த நாட்டுக் கடையோடு பிணைந்திருக்கிறதோ, அந்த நாட்டுக்குரிய நூல்களே அதன் கண்ணுக்குத் தெரியும். ஊரில் கிடைத்த ஒரு தலைப்பு அங்கே கிடைக்காமல் போகலாம். முகவரி மாறினால் கருவி நாட்டை உறுதிசெய்யக் கேட்கும். ஏட்டைக் கடந்து எல்லை போனது. கிண்டிலோ எல்லையைத் தன்னுள் வைத்துக்கொண்டு கடக்கிறது. ஒரே தெருவில் இரு அரசுகளின் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது அதிர்ச்சி தராது. அவர் ஊரிலேயே பார்த்த காட்சிதான், திரைக்குள் சிறிதாகி இருக்கிறது.

அப்படியானால் நூலோடு கூடப் போக வேண்டியது எது? இரு கருவிகளும் தனித்தனியே சொல்லும் விடை போதவில்லை. சேர்ந்து சொல்லும் விடை ஒன்று இருக்கிறது. ஓலைக்கு ஆயுள் இருநூறு, முந்நூறு ஆண்டு. அதுவும் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பினால், அவ்வப்போது இஞ்சிப்புல் தைலம் தடவினால். பாட்டரிக்கு ஆயுள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏடு நீடித்தது ஓலையின் வலுவாலன்று, படியெடுத்தவரின் கையால். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு கீறுவது அங்கே களவாகக் கருதப்படவில்லை, கடமையாகவே கருதப்பட்டது. பாறசாலைக்குத் தெற்கே, முஞ்சிறைப் பக்கம், பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் 95 சட்டர்களுக்காக (மாணவர்களுக்காக) சாலை என்னும் கல்விக்கூடம் ஒன்றை நிறுவியபோது, காந்தளூர்ச் சாலையின் நெறியையே அதற்கு அளவுகோலாக வைத்தான். நூலை மட்டுமல்ல, கல்விக்கூடத்தையே படியெடுத்த மண் இது.

அந்தப் பழக்கம் மின்னூல் உலகில் கடைக்குள் இல்லை, கடைக்கு வெளியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பொதுவில் வைத்தார்கள். கிண்டில் பிறப்பதற்கு ஒன்பதாண்டு முந்தைய வேலை அது. ஏடெழுதுவோர் செய்ததையே அவர்கள் விசைப்பலகையில் செய்தார்கள். எழுத்துக் குறியீடு மாறியபோது நூல்களைப் புதிய குறியீட்டுக்கு மாற்றியதும் பழைய ஓலையிலிருந்து புதிய ஓலைக்குப் பெயர்த்ததை ஒத்ததே. வெளிநாட்டில் வாழ்வோரின் கிண்டிலில் பூட்டின்றிக் கிடக்கும் சங்க நூலுக்கும், தட்டும்புறத்து ஏட்டுக்கும் நடுவே உள்ள உண்மையான உறவு திரையிலும் ஓலையிலும் இல்லை. இடையில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பெயர்த்தவரிடம் இருக்கிறது.

தராசு எந்தப் பக்கமும் முழுதாகச் சாயவில்லை. முதுமையில் கண் மங்கியவருக்கு எழுத்தைப் பெருக்கித் தர ஏட்டால் முடியாது. கடை மூடினாலும் தொடர்ந்து நூலாக இருக்கக் கிண்டிலால் முடியும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆனால் விடுமுறைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வண்டி பிடித்து, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம் தாண்டிப் பாறசாலையில் இறங்கும் அந்தப் பேரனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். தட்டும்புறத்து ஏட்டை அவனால் வாசிக்க முடியவில்லை: பழைய எழுத்து தெரியாது, சொல்லித்தர ஆசானும் இல்லை. அவனுடைய கிண்டிலைத் தாத்தாவின் வீட்டில் வேறு யாரும் வாசிக்க முடியவில்லை: கணக்கு அவனுடையது, கடவுச்சொல் அவனுடையது. ஒரு வீட்டில் பூட்டிய நூலகங்கள் இரண்டு. ஏட்டைத் திறக்க இனி யாரைத் தேடுவது என்று தெரியாது. கிண்டிலின் சாவியோ அவன் கையிலேயே இருக்கிறது. விடுமுறை முடியுமுன் அம்மைக்கு எழுத்தைப் பெரிதாக்கி, பூட்டில்லாத நான்கு நூல்களை அதில் ஏற்றி, பக்கம் புரட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துக் கருவியை மேசைமேல் விட்டுவிட்டுப் போனால், அந்த வீட்டில் ஒரு தலைமுறைக்குப் பின் மறுபடியும் ஓர் ஆசான் இருந்தார் என்று பொருள்.